குறைந்தபட்ச இருப்பு இரண்டு

"அது பதுக்கினது இல்லக்கா, கைக்கெட்டுற இடத்துல இருக்கணும்னுதான்..."

"எல்லாரும் இதையேதான் சொல்றாங்க, நீங்க என்ன புதுசா..."

"மேஜை பக்கத்துலயே இருக்கணும்க்கா, அவசரம்னா..."

"அவசரம்னா ஸ்டோருக்கு வாங்க. நான் எங்கயும் ஓடிப்போகல."

வேதியியல் ஆய்வக உதவியாளருக்கும் எனக்கும் சண்டை என்று ஒன்று நடந்திருந்தால் இவ்வளவுதான் இன்ஸ்பெக்டர் சார். அந்தச் செவ்வாய்க்கிழமை தவிர முகம் சுளித்துப் பேசிக்கொண்டதில்லை. அவர் மேல் எனக்குக் கோபமில்லை. அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

நான் இந்தப் பல்கலைக்கழகக் கொள்முதல் பிரிவுக்கு வந்த வருஷம், தேர்வு நடக்கும்போதே விடைத்தாள் தீர்ந்துபோய், பிள்ளைகள் கேள்வித்தாளின் பின்பக்கத்தில் எழுதினார்கள். அரசுப் பல்கலைக்கழகத்தில் கடைக்கு ஓடி வாங்கிவர முடியாது. மூன்று பேரிடம் விலை கேட்க வேண்டும், குழு ஒப்புதல் தர வேண்டும், சரக்கு வர நாற்பது நாள். அதனால் ஒவ்வொரு பொருளும் நாற்பது நாளில் எவ்வளவு செலவாகும் என்று பார்த்து, அலமாரியில் சிவப்புக் கோடு போட்டேன். இருப்பு கோட்டைத் தொட்டால் அன்றே அடுத்த ஆர்டர் போய்விடும். கோட்டுக்குக் கீழே எடுக்கப் பதிவாளரின் கையெழுத்து வேண்டும். பதினோரு வருஷத்தில் ஒரு சாக்பீஸ்கூடத் தீர்ந்ததில்லை. வேறு பல்கலைக்கழகத்துக்காரர்கள் வந்து படம் பிடித்துக்கொண்டு போனார்கள்.

சந்தேகப்படத் தெரியாதவர்களுக்கு இந்த வேலை ஆகாது. நூலகத்தில் கோந்து டப்பாக்களைக் கலைக்களஞ்சியத்துக்குப் பின்னால் அடுக்கியிருந்தார்கள். கணிதத் துறைத் தலைவர் டோனர் பெட்டியின் மேலேயே காலை நீட்டிக்கொண்டு, டோனரைக் கண்ணால் பார்த்தே மாதமாகிறது என்றார். நான் கண்ட வழி சுலபமானது. யார் எதைக் கேட்டாலும் முதலில் தீர்ந்துபோச்சு என்பேன். முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு போவார்கள். மறுநாள் அவர்கள் அலமாரியிலேயே அது முளைத்திருக்கும்.

அந்தச் செவ்வாய்க்கிழமை உதவியாளரின் இழுப்பறையில் இரண்டு டியூப் களிம்பு கிடைத்தது. கண்ணாடியையே அரிக்கும் அமிலம் ஒன்று அந்த ஆய்வகத்தில் உண்டு. மேலே பட்டால் அந்தக் களிம்பை உடனே தடவ வேண்டும். ஸ்டோரில் அதன் குறைந்தபட்ச இருப்பு இரண்டு. சப்ளையர் இழுத்தடித்ததில் அன்றைக்கு ஒன்றுகூட இல்லை. அது என்னைத் தவிர யாருக்கும் தெரியாது. அவருடையதை எடுத்துவந்து கோட்டில் வைத்தேன். சரியாக இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை பதினோரு மணிக்கு அவர் வந்தார். வலது கையை ஈரத்துணியில் சுற்றியிருந்தார். சத்தம் போடவில்லை. களிம்பு கேட்டார். பதிவாளர் ஊரில் இல்லாத நாள். தீர்ந்துபோச்சு என்றேன்.

அவர் என் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். நான் கொஞ்சம் நகர்ந்து நின்றேன்.

"உள்ள ஒரு தடவை பாத்துச் சொல்லுங்கக்கா" என்றார்.

மரியாதைக்காக உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். அதற்கு ஓர் ஐந்து நிமிடம் ஆகியிருக்கும். அதுவரை நின்றுகொண்டுதான் இருந்தார்.

மூன்று மணிக்கு ஆஸ்பத்திரியில் அவர் இதயம் நின்றுவிட்டது. அந்த அமிலம் அப்படித்தானாம், தோலோடு நிற்காதாம்.

அவர் வேறு டியூப் ஒளித்து வைத்திருப்பார் என்று நம்பியதாக நேற்று உங்களிடம் சொன்னேன். அது உண்மையில்லை. அந்த இழுப்பறையைத் துடைத்துக் காலி செய்தவள் நான். வேறு எதுவும் இல்லையென்று எனக்குத் தெரியும். துணிக்குள் என்ன ஆகிக்கொண்டிருந்தது என்பதும் தெரியும். தெரிந்துதான் இல்லை என்றேன். கொடுத்திருந்தால் இருப்பு கோட்டுக்குக் கீழே போயிருக்கும்.

இதையும் எழுதி முடித்துவிட்டு எழுந்திருக்கிறீர்கள். அலமாரியிலிருந்து அந்த இரண்டு டியூபையும் எடுத்து உறையில் போட்டு, வாயை ஒட்டுகிறீர்கள். என் முகத்தைப் பார்க்காமலே வாசலுக்கு நடக்கிறீர்கள்.

"சார், அதையும் எடுத்துட்டுப் போனா, நாளைக்கு இன்னொருத்தர் கை வெந்து வந்து நிப்பாரே, அவருக்கு நான் எதைக் கொடுக்கிறது?"