பங்க் சட்டை

— அதுல போடாதீங்க. உங்க பங்க் சட்டை இனிமே இந்தச் சிவப்பு பக்கெட்ல.

— என் சட்டைக்கு மட்டும் தனிக்குடித்தனமா?

— ஆமா. பக்கெட் தனி, தண்ணி தனி. துவைக்கிறதும் நீங்கதான்.

— பெட்ரோல் பங்க்காரனைக் கட்டிக்கும்போது இந்தச் சட்டமெல்லாம் சொல்லலியே.

— அப்ப புத்தி இல்ல.

— புத்தி எப்படி இருக்கும்? டேங்க் நிறைய பெட்ரோலை வெச்சுக்கிட்டு, ஸ்கூட்டரைத் தள்ளிக்கிட்டு வந்து, "அண்ணா, அரை லிட்டர்"னு நிப்ப.

— அண்ணான்னு ஒரே ஒரு நாள்தான் சொன்னேன்!

— ஊத்துனா வழியுது. உன் செருப்பெல்லாம் பெட்ரோல்.

— பெட்ரோல் மட்டுமா வழிஞ்சது? உங்க மூஞ்சியைப் பாத்திருக்கணும்.

— கையை மோந்து பாத்துட்டு, "நல்லா இருக்குல்ல"ன்னு சிரிச்சியே... அங்க விழுந்தவன்தான், இன்னும் எழுந்திருக்கல.

— சரி, பேச்சை மாத்தாதீங்க. பங்க்ல எல்லாருக்கும் ரத்தம் எடுத்தாங்களாமே. பெட்ரோல்ல கலக்கிற ஈயம் உடம்புல ஏறியிருக்கான்னு பாக்க.

— யார் சொன்னது?

— கேஷியர் பொண்டாட்டி. அவருக்கு இருக்காம்.

— கேஷியருக்கா? கண்ணாடி ரூமுக்குள்ள உக்காந்திருக்கிறவருக்கு எங்கேர்ந்து வரும்?

— அப்ப பம்பைக் கட்டிக்கிட்டு நிக்கிற உங்களுக்கு?

— நான் ரத்தமே குடுக்கல. அன்னிக்கு லீவு.

— என்ன லீவு?

— பாப்பா ஸ்கூல்ல வரச் சொன்னாங்கல்ல...

— ஸ்கூலுக்கு நான்ல போனேன்?

— அப்ப... வேற ஏதோ லீவு. விடேன்.

— நேத்து டம்ளரை ரெண்டு கையால புடிச்சுக் குடிச்சீங்க.

— சூடா இருந்துச்சு.

— அது பச்சத் தண்ணி.

— ...போலீஸ்ல சேர வேண்டியவ, எனக்கு வந்து வாக்கப்பட்டுட்ட. ஏய், ஞாபகமிருக்கா? கல்யாணமான புதுசுல எனக்கு நைட் ஷிஃப்ட். காலையில வந்து பாத்தா, என் சட்டையைத் தலைகாணிக்கு மாட்டிக் கட்டிப்புடிச்சுத் தூங்குவ. பட்டனெல்லாம் வேற ஒழுங்கா போட்டிருக்கும்.

— தனியா பயமா இருக்கும். அந்த வாசம் இருந்தா நீங்க பக்கத்துல படுத்திருக்கிற மாதிரி...

— துவைக்கவும் விடமாட்டியே!

— வாரக்கணக்கா அதுமேலதான் மூஞ்சி வெச்சுத் தூங்கியிருக்கேன்.

— இப்ப உன் மக அதையேதான் பண்றா. வண்டிச் சத்தம் கேட்டதும் ஓடி வந்து, என் சட்டைக்குள்ள தலையை விட்டுக்கிட்டு, "அப்பா வாசம்... அப்பா வாசம்"னு...

— இனிமே குளிச்சிட்டுத்தான் அவளைத் தூக்கணும்.

— என்னாச்சு உனக்கு இன்னிக்கு?

— ...போன மாசம் தலைவலின்னு டாக்டர்கிட்ட போனேன்ல. எனக்கும் அந்த ஈயம் இருக்கான்னு பாத்தாங்க.

— உனக்கு எதுக்கு?

— இருக்குங்க. எனக்கு இருக்கு.

— நீ பங்க் பக்கமே வர்றதில்லையே?

— "பங்க்ல எத்தனை வருஷமா வேலை பாக்கிறே"ன்னு டாக்டரம்மா கேட்டாங்க. நான் வேலை பாக்கல, சட்டை துவைக்கிறேன்னு சொன்னேன்.

— தலைகாணி...?

— அதையும் சொன்னேன். வெக்கத்தை விட்டு.

— அடிப்பாவி... என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே.

— சொன்னா வேலையை விட்டுடுவீங்க. இல்லன்னா என்னைத் தொடறதை விட்டுடுவீங்க. ரெண்டுக்கும் பயமா இருந்துச்சு.

— இப்ப மட்டும் எதுக்குச் சொல்றே?

— நாளைக்குப் பாப்பாவைக் கூட்டிட்டு வரச் சொல்லியிருக்காங்க. அவளுக்கும் ரத்தம் எடுக்கணுமாம்.

— எந்த டாக்டரம்மா? மார்க்கெட் பக்கம், மாடியில... மூக்குக்கண்ணாடியைத் தலைமேல வெச்சுக்கிட்டே அதைத் தேடுவாங்களே, அவங்களா?

— ஆமா... உங்களுக்கு எப்படித் தெரியும்?

— நானும் வரேன். மூணு மாசமா அவங்க என்கிட்ட சொல்லிக்கிட்டுத்தான் இருக்காங்க, சட்டையை அங்கேயே மாத்திட்டு வீட்டுக்குப் போன்னு. பாப்பா ஓடி வந்து மோந்து பாத்துட்டு, "அப்பா வாசம் எங்கே"ன்னு கேப்பாளேன்னுதான்...