கத்தரிக்கோலுக்கு ஓர் ஓட்டு

ஹார்லன்: ...ஒரு அடி பின்னால போ ஒடெட். பலகை பிடிச்சு ஓட்டு கேக்கறவங்க கயித்துக்கு அந்தப் பக்கம்தான் நிக்கணும்.

ஒடெட்: வந்துட்டீங்களா லைசன்ஸ் இன்ஸ்பெக்டர் சார்? ஓட்டுப் போட வந்த இடத்துலயும் டியூட்டியா?

ஹார்லன்: சார் எதுக்கு? ஒரே பஸ்ல பள்ளிக்கூடம் போனவங்கதானே நாம...

ஒடெட்: பஸ்ல வந்த ஹார்லன் வேற. என் சமையலறைக் கதவுல நோட்டீஸ் ஒட்டின சார் வேற. லைசன்ஸ் இல்லாம முடி வெட்டினேனாம்!

ஹார்லன்: வெட்டினே இல்ல?

ஒடெட்: முப்பத்தோரு வருஷமா வெட்டறேன்.

ஹார்லன்: ‘வெட்டறேன்’னா சொன்ன?

ஒடெட்: ...வெட்டினேன். திருத்தி எழுதிக்கோங்க.

ஹார்லன்: வகுப்புக்குப் போய் ஒரு பரீட்சை எழுதிட்டா...

ஒடெட்: அம்பத்தெட்டு வயசுல? இருபது வயசுப் பொண்ணுகிட்ட கத்தரிக்கோல் பிடிக்கக் கத்துக்கணுமா? அது கிடக்கட்டும், கையில என்ன?

ஹார்லன்: ஆப்பிள் பை பலகாரம். பள்ளிக்கூட நிதிக்காக உள்ள விக்கறாங்க.

ஒடெட்: யார் வீட்டு அடுப்புல சுட்டது? லைசன்ஸ் பாத்தீங்களா?

ஹார்லன்: ம்ம்... அது வந்து... ம்ம்...

ஒடெட்: மெல்லுங்க, மெல்லுங்க. முழுங்கிட்டுச் சொன்னாப் போதும்.

ஹார்லன்: விளையாட்டு இல்ல ஒடெட். போன வருஷம் பக்கத்து ஊர்ல ஒருத்தி வீட்டுல வச்சுச் சாயம் போட்டதுல, ஒரு பொண்ணுக்கு மண்டைத் தோலே வெந்து போச்சு. ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பாத்தேன். பதினேழு வயசு.

ஒடெட்: ...பாவம்.

ஹார்லன்: அதுக்குத்தான் சட்டம்.

ஒடெட்: அப்போ அவளைப் பிடிங்க! நான் சாயத்தைத் தொட்டதே இல்ல. சீப்பு, கத்தரி, வெந்நீர். படியிறங்க முடியாத வயசானவங்களுக்கு வெட்டி விட்டேன். அவங்க எந்தக் கடைக்கு நடந்து போவாங்க?

ஹார்லன்: சட்டம் ஆளைப் பாத்து மாறாது.

ஒடெட்: ஆளையே பாக்காத சட்டம் எதுக்குங்கறேன்!

ஹார்லன்: அதுக்காக இந்தப் பலகையா? லிபர்டேரியன் கட்சி, அரசாங்கம் எதுலயும் தலையிடக் கூடாதுங்கறவங்க... உங்கப்பா இருந்தா என்ன சொல்லியிருப்பார்?

ஒடெட்: அப்பா இருந்தவரைக்கும் அப்பா கட்சிக்குப் போட்டேன். கல்யாணமானதும் புருஷன் கட்சிக்குப் போட்டேன். இது ஒண்ணுதான் நானாத் தேடிக்கிட்டது.

ஹார்லன்: ரெண்டு கட்சி ஆட்சியிலயும் நான் வேலை பாத்திருக்கேன். அவ்வளவு மோசமில்ல...

ஒடெட்: அதேதான்! மேல ஆள் மாறறாங்க. கதவைத் தட்டறது மட்டும் நீங்களே. நம்ம நியூ ஹாம்ஷயர் மாநில வண்டி நம்பர் தகட்டுல என்ன எழுதியிருக்கு? ‘சுதந்திரமா வாழு, இல்ல செத்துப் போ.’ அந்தத் தகட்டை அடிக்கறது யாரு? ஜெயில்ல இருக்கறவங்க!

ஹார்லன்: சிரிக்க வைக்காத, புரையேறுது... உங்க ஆள் ஜெயிக்க மாட்டார். ஓட்டு வீண்.

ஒடெட்: தெரியும். போன தடவை இந்த ஊர்ல முப்பத்தெட்டு ஓட்டு. இந்தத் தடவை முப்பத்தொம்பது.

ஹார்லன்: அதுக்கா இந்தக் குளிர்ல நிக்கற?

ஒடெட்: மத்த ரெண்டு கட்சி வேட்பாளருங்களும் என் வாசல்ல நின்னு, எனக்கு என்னென்ன செய்யப் போறோம்னு ஒப்பிச்சாங்க. இவர் ஒருத்தர்தான், ‘உங்களை உங்க பாட்டுக்கு விட்டுடறேம்மா’ன்னார். அந்த வார்த்தையைக் கேட்டு எவ்வளவு நாளாச்சு தெரியுமா?

ஹார்லன்: ரோடு யார் போடுவா? பனியை யார் தள்ளுவா? அதைக் கேட்டியா?

ஒடெட்: கேட்டேன். உளறினார்.

ஹார்லன்: பாத்தியா!

ஒடெட்: எல்லாத்துக்கும் பதில் வச்சிருக்கறவரை நான் தேடல. என் கத்தரிக்கோலை என்கிட்ட விட்டு வைக்கறவரைத் தேடறேன்.

ஹார்லன்: ...எங்கம்மாவுக்கு இடுப்பெலும்பு முறிஞ்சு ரெண்டு வருஷமாச்சு. வாசல் தாண்டல.

ஒடெட்: கேள்விப்பட்டேன்.

ஹார்லன்: ஆனா முடி மட்டும் வளரவே மாட்டேங்குது.

ஒடெட்: வயசானா சில பேருக்கு அப்படித்தான்...

ஹார்லன்: ஒடெட். செவ்வாய்க்கிழமையானா நான் ஒரு மணி நேரம் முன்னாடியே வேலைக்குக் கிளம்பிடறேன். பின்கதவைப் பூட்டறதில்ல. எதுக்குன்னு நினைச்ச?

ஒடெட்: ...முதல் வாரம், பூட்ட மறந்துட்டீங்கன்னு நினைச்சேன். அடுத்த வாரம் மேஜை மேல துவைச்ச துண்டு மடிச்சு வச்சிருந்துச்சு.

ஹார்லன்: நோட்டீஸ் ஒட்டினது என் வேலை. என்னால அதைத் தவிர்க்க முடியல... இன்னிக்கும் செவ்வாய்தான். பின்கதவு திறந்திருக்கு. அம்மா காத்துக்கிட்டிருப்பாங்க. யாருக்கும் தெரியாம...

ஒடெட்: இல்ல ஹார்லன். இன்னிக்கு முன்வாசல் வழியாத்தான் வரேன், கத்தரிக்கோல் பெட்டியைக் கையில தூக்கிக்கிட்டு, தெருவே பாக்க. நீ வீட்டுல இருந்து கதவைத் திற. நோட்டீஸ் ஒட்டறதா இருந்தா, உங்கம்மா பாக்க ஒட்டு.