கழுவிய பல்

செங்கல்பட்டில் கிளம்பிய மின்சார ரயில் பரனூர் தாண்டி நின்றேவிட்டது. ஜன்னலோரம், மடியில் ஐஸ் டப்பாவோடு ஓர் ஆராய்ச்சி மாணவி கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“லேட்டானா பல்லு செத்துடும், மேரி.”

பக்கத்தில் இருந்த மேரி, டப்பாவிலிருந்த பல்லைப் பிடுங்கிய கிளினிக்கின் உதவியாளர், சிரித்துவிட்டாள்.

“புடுங்கின பல்லு இன்னாக்கா சாவும்?”

“வேர்ல ஒட்டியிருக்கிற சதையில ஸ்டெம் செல் உயிரோட இருக்கும். அதைத் தேடத்தான் இவ்ளோ ஓட்டம்.”

மேரியின் சிரிப்பு நின்றது.

“அந்தச் சதையா? உங்க கைல அசிங்கமா குடுக்கக் கூடாதுன்னு பிரஷ் போட்டுத் தேச்சுக் கழுவிட்டேனே!”

மாணவி டப்பாவை இருக்கைக்கடியில் தள்ளினாள். ரயில் நகர்ந்தது. சிங்கப்பெருமாள்கோயில் வந்ததும் மேரி தன் கன்னத்தைத் தொட்டுக்கொண்டாள்.

“நாளைக்கு என் கடவாப்பல்லப் புடுங்கப்போறாங்கக்கா. டப்பாவோட வந்துடுங்க. எவளையும் கழுவ உட மாட்டேன்.”