காதைத் தொட்டால் ஆர்ட்டின்

தலைமையாசிரியை: கத்தாதீங்க டீச்சர்! பக்கத்து ரூம்ல பரீட்சை நடக்குது.

கணக்கு டீச்சர்: நான் எங்க மேடம் கத்தினேன்… நீங்கதான்…

தலைமையாசிரியை: கத்தாம? எட்டாங்கிளாஸுக்குச் சீட்டாட்டமான்னு கேட்டேன். பிரிட்ஜு கௌரவமான ஆட்டம், மூளைக்கு வேலைன்னீங்க. நேத்துப் போட்டியில ரெண்டு பொண்ணுங்களும் ஜாடை காட்டி மாட்டியிருக்கு!

விளையாட்டு சார்: உள்ள வரலாமா மேடம்?

தலைமையாசிரியை: வந்தாச்சே! டீச்சரைக் கூப்பிட்டா உங்களுக்கு ஏன் சார் வேர்க்குது?

விளையாட்டு சார்: மாதிரி ஆட்டத்துல நான்தானே டீச்சருக்கு ஜோடி… அதான்…

தலைமையாசிரியை: ஜோடிக்குள்ள பேசவே கூடாதாமே?

விளையாட்டு சார்: ஏலம் கேக்கறதோட சரி மேடம். கண்ணைக் காட்டினாகூடத் தப்பு.

தலைமையாசிரியை: ரெட்டைச்சடை காதைத் தொட்டாளாம். கண்ணாடிக்காரி உடனே ஆர்ட்டின் சீட்டை இறக்கினாளாம். மூணாவது தடவ நடுவர் எழுந்துட்டார். கள்ள ஆட்டம்னு நான் கையெழுத்துப் போட்டா ரெண்டு வருஷம் தடை. பேனாவத் தொறந்தாச்சு.

கணக்கு டீச்சர்: ஐயோ, போடாதீங்க! அதுங்க அப்படிப்பட்ட பொண்ணுங்க இல்ல.

தலைமையாசிரியை: அழக்கூட இல்ல. "டீச்சரும் சாரும் இப்படித்தானே ஆடுவாங்க"ன்னு நோட்ட நீட்டுதுங்க.

கணக்கு டீச்சர்: நோட்டா…?

தலைமையாசிரியை: கேளுங்க. 'டீச்சர் காதைத் தொட்டால் ஆர்ட்டின். சார் வாட்ச்சைத் திருப்பினால் டைமன். டீச்சர் பேனா மூடியைத் தட்டினால் சாருக்குச் சிரிப்பு வரும். இதற்கு இன்னும் அர்த்தம் கண்டுபிடிக்கவில்லை.'… சிரிக்கறீங்களா சார்?

விளையாட்டு சார்: இருமல் மேடம்.

தலைமையாசிரியை: ஒண்ணு, பொண்ணுங்க புளுகுது. இல்ல, நீங்களே கள்ளாட்டம் சொல்லிக் குடுத்திருக்கீங்க. எதை எழுத?

கணக்கு டீச்சர்: அது ஆட்டத்துக்கே இல்ல மேடம்! எப்பவோ காதைத் தொட்டப்ப கையில ஆர்ட்டின் இருந்திருக்கும். வாட்ச்னா… 'பஸ் ஸ்டாப்புல நிக்கறேன்'னு சார் சொல்றது. காதுன்னா… 'வீட்டுச் சாவி உங்ககிட்ட'ன்னு நான் சாருக்குச் சொல்றது.

தலைமையாசிரியை: எந்த வீடு?

விளையாட்டு சார்: சொல்லிடாத!

தலைமையாசிரியை: 'சொல்லிடாத'வா? நேத்து வரைக்கும் வாங்க டீச்சர், போங்க டீச்சர்!

கணக்கு டீச்சர்: பொண்ணுங்க பேரு கெடுதுங்க… எங்க வீடு மேடம். பதிவுக் கல்யாணம். பதினோரு மாசமாச்சு.

தலைமையாசிரியை: பதினோரு மாசமா! என் அண்ணன் பையன் போட்டோவக் காட்டினப்ப, யோசிச்சுச் சொல்றேன்னீங்களே!

கணக்கு டீச்சர்: புருஷன் பொண்டாட்டி ஒரே ஸ்கூல்ல இருக்கக் கூடாதுங்கறது உங்க விதிதானே…

தலைமையாசிரியை: அது நிர்வாகத்தோட விதி. சரி… அந்தப் பேனா மூடி?

கணக்கு டீச்சர்: அது… ஜன்னல்ல மேடம் நின்னு பாக்கறாங்கன்னு.

தலைமையாசிரியை: நான் எப்ப நின்னேன்? வராண்டாவுல நடந்திருப்பேன்! …சரி. பொண்ணுங்க மேல தப்பில்லன்னு எழுதிடறேன். தடை வராது. ஆனா உங்கள்ல ஒருத்தர் கிளம்பணுமே?

கணக்கு டீச்சர்: நான் போறேன்.

விளையாட்டு சார்: நீ போனா ஆட்டத்த யாரு நடத்துவா? நான் திங்கக்கிழமை பாலத்துக்கு அந்தப் பக்கத்து ஸ்கூல்ல சேர்றேன். ஆர்டர் வந்தாச்சு. இன்னும் ரெண்டு நாள் கல்யாணத்த மறைச்சிருந்தா ராஜினாமா குடுத்துட்டு நிம்மதியா போயிருப்பேன்.

கணக்கு டீச்சர்: ஆர்டரா? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல!

விளையாட்டு சார்: வீட்டுல சொல்ல தைரியம் வரலடி. அதான் ஒரு வாரமா கிளாஸ்ல மூக்கைத் தொட்டுத் தொட்டுக் காட்டினேன்… நீ ஜலதோஷம்னு மாத்திரை குடுத்த.