வண்டி ஏறாத மெஷின்

— இன்னைக்கு என்னத்த மறந்துட்டு வந்தீங்க, மெஷின்காரரே?

— எதையும் மறக்கல, செக்யூரிட்டியம்மா. சாவி இருக்கு, தள்ளுவண்டி இருக்கு, கயிறு இருக்கு, கண்ணாடிக்குச் சுத்த போர்வை இருக்கு. பாருங்க, நீங்களே பாத்துக்கங்க.

— போன தடவையும் இப்படித்தான் மார் தட்டினீங்க. உள்ள போய்ப் பாத்தா வேற ஏதோ மெஷினோட சாவி. அதுக்கு முந்தி, தள்ளுவண்டிக்கு ஒரு சக்கரம் இல்ல. அதுக்கும் முந்தி வந்தப்போ...

— அன்னைக்கு நிஜமாவே முதுகு வலிங்க.

— அன்னைக்கு நிஜமாவேன்னா? மத்த நாளெல்லாம் பொய்யா?

— அய்யோ, ஏதோ வாய் தவறி... பாருங்க, முதல்ல கேட்டைத் திறங்க. வெயில்ல நிக்க வெச்சு விசாரணை பண்றீங்க.

— திறந்துதான் இருக்கு. ரெண்டு கதவும் திறந்திருக்கு. கீல் துருப்பிடிச்சுக் கெடந்துச்சு, காலையில எண்ணெய் விட்டு நானே தள்ளித் திறந்து வெச்சேன். ஒரு கதவுதான் திறக்குது, மெஷின் இடிக்கும்னு அன்னைக்குத் திரும்பிப் போனீங்கல்ல? இன்னைக்கு அந்தச் சாக்கு செல்லாது.

— சாக்கு இல்லைங்க, அளவு...

— வாங்க உள்ள. பாத்து, அங்க ஒயர் கெடக்கு. கம்பெனி மூடின மறுநாளே ஃபேனு, நாற்காலி, சுவர்க் கடிகாரம்னு ஆளாளுக்கு அள்ளிட்டுப் போயிட்டாங்க. உங்க மெஷின் மேல மட்டும் ஒரு கீறல் விழ விடல நான்.

— தெரியும்மா. உங்களாலதான் காபி மெஷினும் கூல்டிரிங்ஸ் மெஷினும் முழுசா எங்ககிட்ட வந்து சேந்துச்சு. மூடின கம்பெனி எத்தனை பாத்திருக்கேன்! கண்ணாடியை உடைச்சு, உள்ள இருக்கற பிஸ்கட்டை எல்லாம் வழிச்செடுத்துட்டு, வெறும் கூடா நிக்க வெச்சிருப்பாங்க.

— அந்த ரெண்டையும் ஒரே நாள்ல, ஒத்தை ஆளா ஏத்திட்டுப் போனவரு நீங்க. காசு போட்டா பிஸ்கட் விழற இந்த மெஷினுக்கு மட்டும் ஏன் இத்தனை நொண்டிச் சாக்கு?

— இது கனம் ஜாஸ்திங்க. சாக்லேட் உருகாம இருக்க கம்ப்ரஸர் வெச்ச மெஷினு. படுக்க வெச்சா கம்ப்ரஸர்ல இருக்கற எண்ணெய் குழாய்ல ஏறிடும், அப்பறம் குளிர்ச்சியே வராது. நிக்க வெச்சுத்தான் கொண்டு போகணும். காத்து வேற அடிக்குது இன்னைக்கு...

— காத்தா? அந்த மரத்துல ஒரு இலை அசையுதா பாருங்க.

— மழை வந்தாலும் வரும்.

— வரட்டும். குடை நான் பிடிக்கறேன். நீங்க மெஷின் கதவைத் திறங்க.

— ஒரு நிமிஷம், போன் வருது... ஆங், சார். வந்துட்டேன் சார். சாவி சரியான சாவிதான் சார்... இல்ல சார், மெஷினை யார்கிட்டயும் விலை பேசல சார், அப்படியெல்லாம் சொல்லாதீங்க... தெரியும் சார். சரிங்க சார். சரி.

— யாரு?

— வீட்ல.

— வீட்ல இருக்கறவங்களை சார்னா கூப்பிடுவீங்க?

— மேனேஜர்தான்.

— என்ன சொன்னாரு?

— சாப்டியான்னு கேட்டாரு.

— அவரு கத்தினது கேட் வரைக்கும் கேட்டுச்சு. இன்னைக்கு மெஷின் கோடவுனுக்கு வரலைன்னா, நாளையிலேர்ந்து நீயும் வராதேங்கறாரு. அதான?

— அவரு எப்பவும் அப்படித்தான் குதிப்பாரு.

— இது சும்மா குதிக்கற குரல் இல்ல. உக்காருங்க இந்த பெஞ்சுல. இந்தாங்க, தண்ணி குடிங்க. எத்தனை வருஷமா நீங்க சரக்கு நிரப்ப வர்றதைப் பாக்கறேன். ஒரு ஸ்பேனரைக்கூட மறந்ததில்ல நீங்க. உங்க பையைத் திறந்தா கூடுதலா ஒரு பல்பு இருக்கும், கூடுதலா ஒரு பியூஸ் இருக்கும். அப்படிப்பட்ட ஆளுக்கு வாரக்கணக்கா எல்லாம் மறந்து போகுதா?

— வயசாகுதுல்ல.

— மழுப்பாதீங்க.

— சொன்னா வருத்தப்படுவீங்க.

— சொல்லலைன்னா கோபப்படுவேன். எது வேணும்?

— பாருங்க... அந்த ரெண்டு மெஷினை ஏத்தின அன்னைக்குக் கட்டடத்துக்காரர் வந்திருந்தாருல்ல? என் வண்டிக்குப் பக்கத்துல நின்னு போன்ல பேசிட்டிருந்தாரு. வெளியாளோட பொருள் உள்ள இருக்கற வரைக்கும்தான் காவலுக்கு ஆளாம். கடைசி மெஷின் வெளிய போற அன்னைக்கே அந்தம்மாவை நிறுத்திடுங்க, கேட் ரூமையும் பூட்டிடுங்கன்னாரு. என் காதுல விழுந்து தொலைச்சிடுச்சு.

— அது எனக்கும் தெரியும். என்கிட்டயும் சொல்லிட்டாரு.

— தெரிஞ்சுமா கீலுக்கு எண்ணெய் விட்டீங்க?

— உங்க பொருளை உங்ககிட்ட ஒப்படைக்கறதுதான என் வேலை? என் வயித்துப்பாட்டுக்காக அதைப் பிடிச்சு வெச்சுக்க முடியுமா?

— உங்களால முடியாது. அதான் நான் பிடிச்சு வெச்சேன்.

— என்ன சொல்றீங்க?

— அந்த ரூம்லதானங்க நீங்க குடியிருக்கீங்க. ஜன்னல்ல உங்க துணி காயுது. வாசல்ல பெயிண்ட் டப்பாவுல செடி வெச்சிருக்கீங்க. இந்த மெஷினை நான் வண்டியில ஏத்தறதும் உங்களைத் தெருவுல இறக்கறதும் ஒண்ணுதான். என்னால முடியலைங்க. உங்க சோத்துல மண்ணைப் போட என் கைதானா கெடைச்சுச்சு?

— அதுக்காகவா சக்கரத்தைக் கழட்டிட்டு வந்தீங்க?

— வண்டியிலதான் இருந்துச்சு. சீட்டுக்கு அடியில.

— தப்புச் சாவி?

— சரியான சாவி சட்டைப்பையில இருந்துச்சு.

— முதுகு வலி?

— அது மட்டும் சத்தியமா நிஜம்... செக்யூரிட்டியம்மா? அழறீங்களா?

— தூசி. பெருக்க ஆளில்லாம எல்லா இடமும் தூசியாக் கெடக்கு. ஏங்க, உங்க வீட்ல ரெண்டு பிள்ளைங்க படிக்குதே, அதுங்களை நெனைச்சீங்களா?

— நெனைச்சேன். எனக்குக் கையில தொழில் இருக்கு, இங்க இல்லைன்னா இன்னொரு இடம். அப்படித்தான் என்னையே சமாதானம் பண்ணிக்கிட்டேன்.

— இந்த வயசுல உங்களை யாரு கூப்பிட்டு வேலை குடுப்பா?

— உங்களை மட்டும் யாரு கூப்பிடுவா? விடுங்க. இன்னைக்கும் ஏதாவது சொல்லிட்டுப் போயிடறேன். தள்ளுவண்டி உடைஞ்சு போச்சுன்னு...

— உக்காருங்க! அட, என்ன மனுஷன் நீங்க! சிரிக்கறதா அழறதான்னு தெரியலையே எனக்கு. நல்லது பண்றதா நெனைச்சு என் காலைக் கட்டிப் போட்டிருக்கீங்களே! இந்த மெஷின் எப்போ போகும், நான் எப்போ கெளம்பறதுன்னு காத்துக் கெடக்கேன் நான்.

— கெளம்பறதா? எங்க?

— எங்கயா? எம்... எம் பொண்ணு வீட்டுக்கு.

— உங்களுக்குப் பொண்ணு இருக்கா?

— ஏன், இருக்கக் கூடாதா?

— இல்ல, இத்தனை வருஷத்துல ஒரு தடவைகூட நீங்க...

— நீங்க கேட்டீங்களா? வருவீங்க, கதவைத் திறப்பீங்க, எந்த பிஸ்கட் போச்சு, எது போகலைன்னு பாப்பீங்க, போயிடுவீங்க.

— அதுவும் சரிதான்.

— தலைப்பிரசவம். நாள் நெருங்கிடுச்சு. மாப்ளை பக்கம் கூட இருந்து பாத்துக்க ஒரு பொம்பளை கெடையாது. அம்மா வா, அம்மா வான்னு தினம் போன். நான் எப்படிப் போவேன்? ஒரு பொருளும் காணாம போகாது, கடைசி வரைக்கும் இருந்து ஒப்படைச்சிட்டுத்தான் போவேன்னு வாக்கு குடுத்துட்டேனே.

— அய்யய்யோ! பெத்த தாய்க்காக ஒரு பொண்ணு காத்திருக்கு, நான் இங்க சக்கரத்தை ஒளிச்சு வெச்சு விளையாடிட்டு இருந்திருக்கேன். தப்புப் பண்ணிட்டேனேம்மா!

— அதான் சொல்றேன்.

— ஒரு வார்த்தை முன்னாடியே சொல்லக் கூடாதா? சரி, மாப்ளை என்ன பண்றாரு?

— மாப்ளையா? ஆபீஸ்ல இருக்காரு. பெரிய ஆபீஸ்.

— என்ன ஆபீஸ்?

— இப்போ மாப்ளைக்கு இண்டர்வியூவா? எந்திரிங்க முதல்ல!

— எந்திரிச்சுட்டேன்! தள்ளி நில்லுங்க. நீங்க எதையும் தூக்காதீங்க, சொல்றதை மட்டும் பிடிங்க. பிளக்கை உருவியாச்சு. தட்டெல்லாம் முதல்ல வெளிய எடுக்கணும், சரக்கோட நகத்தினா பிஸ்கட்டைத் தள்ளி விடற சுருள்கம்பி வளைஞ்சிடும். இதைப் பிடிங்க. இதை... ஆங். இப்போ போர்வை. அந்த முனையை இழுங்க. கண்ணாடி மேல நல்லா சுத்தி வரட்டும்.

— அம்மாடி! இந்த வேகத்தை இத்தனை நாளும் எங்க வெச்சிருந்தீங்க?

— சக்கரத்தோட, சீட்டுக்கு அடியில. பாருங்க, இந்த உப்பு பிஸ்கட்டுக்கெல்லாம் தேதி இன்னும் தாண்டல. கோடவுனுக்குப் போனா எலிதான் திங்கும். பொண்ணுக்குக் கொண்டு போங்க. வாந்தி வந்தா உப்பு பிஸ்கட் கேக்கும்.

— நாள் நெருங்கின பொண்ணுக்கு இப்போ ஏது வாந்தி?

— அப்போ பஸ்ல நீங்க சாப்பிடுங்க. ஜன்னலோரமா உக்காந்து, பேரனா பேத்தியான்னு யோசிச்சுக்கிட்டே சாப்பிடுங்க. பையில போட்டுட்டேன், வேண்டாம்னு சொல்லாதீங்க.

— சொல்லல. குடுங்க.

— அக்கா! என்னக்கா இது, மெஷின் நகருது!

— வா, பங்க் பொண்ணு. எதிர்ல பெட்ரோல் யாரு போடறது?

— சாப்பாட்டு நேரம்க்கா. உன்கூட உக்காந்து சாப்பிடலாம்னு ஓடி வந்தேன். நானும் தள்ளவா?

— பாப்பா, நீ போய் அந்தக் கேட் கதவைப் பிடி. காத்துல சாத்திக்கப் போகுது.

— காத்தே இல்லைங்களே இன்னைக்கு.

— இப்போ தெரியுதா உங்களுக்கு, மெஷின்காரரே?

— பாப்பா, உனக்கு விஷயம் தெரியுமா? உங்கக்கா பாட்டி ஆகப் போறாங்க!

— யாரு?

— கதவைப் பிடிடி! கால் மேல ஏறிடப் போகுது!

— பொண்ணு ஊருக்குக் கெளம்பறாங்க. நீ கூடப் போய் பஸ் ஏத்தி விடணும், சரியா? தனியா மூட்டையைத் தூக்க விடாத.

— எந்தப் பொண்ணு... ஆ! ஏங்க்கா கிள்ற?

— கொசு.

— பலகை மேல வருது, பலகை மேல வருது... சாயாம... ஏறிடுச்சு! கயிறைக் குடுங்க. இனிமே இது எங்கயும் அசையாது.

— நல்லா கட்டிட்டீங்களா?

— கட்டிட்டேன். இனிமே இந்தப் பக்கம் வர எனக்கு வேலை இருக்காது, செக்யூரிட்டியம்மா.

— ஆமா.

— நான் ஹாரன் அடிக்கறதுக்கு முன்னாடியே கேட் திறந்துக்கற இடம் இது ஒண்ணுதான். மத்த இடத்துல எல்லாம் கத்தணும், கெஞ்சணும். சொல்லணும்னு தோணுச்சு, சொல்லிட்டேன்.

— உங்க வண்டிச் சத்தம் எனக்குத் தெருமுனையிலயே தெரியும். கெளம்புங்க, மேனேஜர் காத்திட்டிருப்பாரு.

— குழந்தை பொறந்தா ஒரு போன் பண்ணுங்க. ஆணா, பொண்ணான்னு மட்டும் சொல்லுங்க.

— சொல்றேன்.

— மறக்க மாட்டீங்களே?

— உங்களை மாதிரியா நான்?

— ராத்திரி தூக்கமே வராம கெடந்தேங்க. இப்போதான் நெஞ்சுல இருந்த கல்லு இறங்கின மாதிரி இருக்கு. போயிட்டு வரேன்.

— நல்லபடியா போயிட்டு வாங்க. பள்ளத்துல மெதுவா ஓட்டுங்க.

— அக்கா.

— கையை ஆட்டுடி. கண்ணாடியில நம்மளைப் பாக்கறாரு.

— ஆட்டறேன். அக்கா, கல்யாணமே பண்ணிக்காதவ நீ. உனக்கு எங்கேர்ந்துக்கா பொண்ணு?

— சிரிச்சுக்கிட்டே ஆட்டு.

— ரூமை எப்போ காலி பண்ணணும்?

— சாயங்காலம் பூட்ட வருவாங்க.

— எங்கக்கா போவ?

— தெரியலடி. பயமாத்தான் இருக்கு.

— என் ரூம்ல பாய் விரிக்க இடம் இருக்கு. ஆனா எத்தனை நாளைக்குன்னு... அக்கா, வண்டி அந்தத் திருப்பத்துலதான் நிக்குது, நான் ஓடிப் போய் அவருகிட்ட உண்மையைச் சொல்லிடட்டுமா?

— ஓடின, காலை ஒடிச்சிடுவேன். தெரிஞ்சுச்சுன்னா அந்த மனுஷன் வண்டியைத் திருப்பிட்டு வந்து, மெஷினை இறக்கி வெச்சிட்டுப் போயிடுவாரு.