ஷெட்டில் பெட்ரோல் வாடை

பெட்ரோல் வாடை அடித்தால் எல்லோரும் முதலில் ஜன்னலைத் திறக்கிறார்கள். அது தப்பு. ஜன்னலைத் திறந்தால் வாடை போய்விடும், எங்கிருந்து வந்தது என்பதும் தெரியாமல் போய்விடும். ஷட்டரை இறக்கிவிட்டு ஒரு மணி நேரம் பொறுக்க வேண்டும். அப்புறம் மூக்கை வைத்துத் தேட வேண்டும். நான் அப்படித்தான் தேடினேன், மேடம். நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள், நான் நிதானமாகவே சொல்கிறேன்.

என் பெயர் சுப்புராஜ். வயது அறுபத்திரண்டு. பெரம்பூர் ரயில்பெட்டிப் பட்டறையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன். காலடிப்பேட்டையில் சொந்த வீடு. தெருப்பக்கத்து அறையை இடித்து ஷட்டர் போட்டு ஷெட் ஆக்கினேன். அதற்குள் நிற்கிற கார் அறுபத்தெட்டாம் வருடத்து வண்டி. ஒரு காலத்தில் துறைமுகத்து வாசலில் டாக்சியாக ஓடியது. கொருக்குப்பேட்டை காயலான் கடையில் அதன் கூரையை அறுக்கப் போன நேரத்தில் நான் போய் நின்றேன். நாலு வருடம் உழைத்து ஓட வைத்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் எண்ணூர் வரை போய்த் திரும்புவேன். வேறு கெட்ட பழக்கம் எதுவும் எனக்கு இல்லை.

என் ஒரே மகள் மாயா. வளைகாப்பு முடிந்து பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்தாள். ஷெட்டுக்கும் அவள் படுக்கிற ஹாலுக்கும் நடுவே ஒரு கதவுதான். வந்த மூன்றாம் நாள் சாப்பிட்டதை எல்லாம் வாந்தி எடுத்தாள்.

"நைனா, வூடு பூரா பெட்ரோல் பங்கு மாதிரி கீது. தலைய சுத்துது."

என் மனைவி பவுனம்மாள் என்னைப் பார்த்தாள். வண்டியை விற்றுவிடு என்கிற பார்வை அது. எங்கள் பக்கம் காற்று வடக்கிலிருந்து அடித்தால் ஊருக்கே ஆலை வாடை வரும். அதற்கு யாரும் எதையும் விற்கச் சொல்வதில்லை. ஆனாலும் மகள் சொல்கிறாள் என்று நான் வேலையில் இறங்கினேன்.

ஒன்பது நாள். இன்றைய பெட்ரோலுக்குப் பழைய ரப்பர் தாங்காது, அதனால் ஹோஸ் எல்லாவற்றையும் மாற்றினேன். கார்பரேட்டரைக் கழற்றிப் புது கேஸ்கெட் வைத்தேன். தரையில் ஊறியிருந்த எண்ணெய் மேல் மரத்தூள் கொட்டி, இரண்டு நாள் விட்டு, சோப்புத் தண்ணீர் ஊற்றித் தேய்த்தேன். இவ்வளவுக்கும் பிறகு ஒரே ஓர் இடத்தில் வாடை மிச்சம் இருந்தது. பெட்ரோல் ஊற்றுகிற வாயிலிருந்து டேங்குக்கு இறங்கும் குழாய், இந்த வண்டியில் டிக்கிக்குள் புகுந்து போகிறது. அதில் எங்கேயோ ஊசிமுனை அளவுக்கு ஓட்டை. சோப்பு நுரை தடவியும் என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. ஆகவே டிக்கி மூடியைச் சுற்றிக் கனமான ரப்பர் பீடிங் ஒட்டினேன். நடுவே ஒரு காகிதத்தை வைத்து மூடி இழுத்தேன். காகிதம் கிழிந்தது, வெளியே வரவில்லை. வாடை உள்ளேயே கிடந்துவிட்டுப் போகட்டும் என்று நினைத்தேன். ஹாலுக்கு வராமல் இருந்தால் போதாதா?

பவுனம்மாள் வந்து மோந்து பார்த்தாள். "இப்ப ஒண்ணும் தெரியல" என்றாள். மாயாவும் அன்றைக்கு ஒரு தோசை கூடுதலாகச் சாப்பிட்டாள்.

மறுநாள் காலை பதினோரு மணிக்கு மாப்பிள்ளை நிதிஷ் வந்தான். வண்ணாரப்பேட்டைக்காரன். கப்பலில் சரக்கு அனுப்புகிற ஆபீசில் வேலை. மெட்ரோவில் இறங்கி நடந்து வந்திருந்தான். கையில் மாதுளம்பழப் பை. நல்ல பையன் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள், நானும் சொல்கிறேன். பவுனம்மாள் மார்க்கெட் போயிருந்தாள். மாயா மாத்திரை போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தாள். அவளை எழுப்ப வேண்டாம் என்று அவன் நேரே ஷெட்டுக்கு வந்தான்.

"மாமா, கோச்சுக்காதீங்க. தோஸ்து ஒருத்தன் மூலமா வண்டிக்கு ஆள் பாத்துட்டேன். நாளைக்கு வந்து எடுத்துகினு போறான்."

"யாரைக் கேட்டு மாப்ள?"

"டாக்டரு சொல்ட்டாரு, இந்தப் புகை கொழந்தைக்கு ஆகாதுன்னு. வண்டி இங்க இருந்தா நான் மாயாவ இட்டுகினு போறேன். கொழந்தையவும் இந்த வூட்டுக்கு அனுப்ப மாட்டேன். இன்னா பண்றது, சொல்லுங்க."

நான் சத்தம் போடவில்லை. வாடையை நிறுத்திவிட்டேன், நீயே பார் என்று சொன்னேன். அவன் ஷெட்டைச் சுற்றி வந்தான். என்ஜின் பக்கம் குனிந்தான், சீட்டுக்கடியில் குனிந்தான். எங்கேயும் இல்லை என்று ஒப்புக்கொண்டான். அத்தோடு விட்டிருக்கலாம்.

"டிக்கிய தொறங்க மாமா."

வெளிச்சத்துக்குச் செல்போனை எடுத்தான். பெட்ரோல் பக்கத்தில் செல்போன் ஆகாது என்று வாங்கி அலமாரியில் வைத்தேன். டிக்கியைத் திறந்தேன். அவன் இடுப்பு வரை உள்ளே குனிந்து மூச்சை இழுத்தான்.

"கீது மாமா. குப்புன்னு கீது. யாரை ஏமாத்துறீங்க?"

ஜாக்கி ராடு என் கைக்கு எட்டுகிற இடத்தில்தான் எப்போதும் இருக்கும். பின்மண்டையில் ஒரு முறை அடித்தேன். பச்சைத் தேங்காயில் அரிவாள் இறங்குகிற மாதிரி ஒரு சத்தம். அவன் அப்படியே முகம் குப்புற விழுந்தான். கால்கள் வெளியே உதறிக்கொண்டிருந்தன. ஒரு செருப்பு கழன்று தரையில் விழுந்தது. முட்டியை மடக்கி, இரண்டு கால்களையும் உள்ளே திணித்து, செருப்பையும் போட்டு மூடினேன். பூட்டினேன். பம்பரில் தெறித்திருந்த ரத்தத்தைப் பெட்ரோல் நனைத்த துணியால் துடைத்தேன். ரத்தத்துக்கு அதுதான் சுலபம்.

அரை மணி நேரம் கழித்து உள்ளிருந்து தட்டுகிற சத்தம் கேட்டது. முதலில் மெதுவாக. பிறகு காலால் உதைத்தான் போலிருக்கிறது, வண்டியே ஆடியது. நான் பழைய மட்கார்டு ஒன்றைத் தரையில் போட்டு, சுத்தியலால் தட்ட ஆரம்பித்தேன். அவன் தட்டும்போது நானும் தட்டினேன். பவுனம்மாள் மார்க்கெட்டிலிருந்து வந்து எட்டிப் பார்த்தாள்.

"மாப்ள வந்தாரா? பழம் கீதே."

"வந்தார். வேலை இருக்குன்னு போயிட்டார்."

அவள் பழத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். பன்னிரண்டரை மணிக்கு மாயா எழுந்து குரல் கொடுத்தாள். "நைனா, தட்டாத, தல வலிக்குது." உடனே சுத்தியலைக் கீழே வைத்துவிட்டேன். மகள் சொல்லை நான் தட்டியதில்லை. உள்ளே அவனும் அவள் குரலைக் கேட்டிருப்பான். நாலைந்து தடவை வேகமாக உதைத்தான். "இன்னா சத்தம் அது?" என்றாள். பக்கத்து வீட்டில் ஏதோ இடிக்கிறார்கள் என்றேன். மூன்று மணிக்கு மேல் சத்தம் இல்லை.

சாயங்காலம் ஆறு மணிக்கு மாயா அவனுக்குப் போன் போட்டாள். போன் ஷெட்டு அலமாரியில் அடித்தது. அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள். போனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பம்பருக்குக் கீழே நான் துடைக்காமல் விட்ட இடத்தைப் பார்த்தாள்.

"நைனா, டிக்கிய தொற."

நான் நகரவில்லை. அவள் என் சட்டைப்பைக்குள் கைவிட்டுச் சாவியை எடுத்தாள். அவள் போட்ட கூச்சலில் தெருவே வந்துவிட்டது. அன்றைக்கே அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். நான் ஓடவில்லை. நீங்கள் போலீஸ் ஜீப்பில் வரும் வரை ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன்.

ஒரே அடியில் செத்துவிட்டான் என்று நினைத்ததாக முதல் நாள் உங்களிடம் சொன்னேன். அவன் அடியால் சாகவில்லை, மூச்சு முட்டித்தான் செத்தான், நாலு மணி நேரம் உயிரோடு இருந்தான் என்று டாக்டர் எழுதிக் கொடுத்திருக்கிறார். விரல் எலும்புகள் உடைந்திருந்தன, பீடிங்கைப் பல்லால் கடித்துப் பிய்த்திருந்தான் என்றும் இருக்கிறது. அதனால் மறைக்க ஒன்றும் இல்லை. இரண்டரை மணிக்கு ஒரு தடவை டிக்கியைத் திறந்தேன். கண் திறந்திருந்தது. வாயோரம் வாந்தி. கையை நீட்டி என் கைலியைப் பிடித்தான். "மாமா" என்றான். தூக்கி உட்கார வைத்திருந்தால் பிழைத்திருப்பான். எனக்கு அது தெரியும்.

ஆனால் திறந்ததும் வாடை ஷெட் முழுக்க வந்துவிட்டது, மேடம். கதவுக்கு அந்தப் பக்கம் வாயும் வயிறுமாக என் மகள் படுத்திருந்தாள். கைலியைப் பிடித்திருந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டு, மூடி அழுத்திப் பூட்டினேன். பெற்ற பிள்ளைமேல் அக்கறை உள்ள எந்தத் தகப்பனும் அதைத்தான் செய்திருப்பான்.