ஹமனோயா என்று ஒரு குரல்

எனக்குக் குரல்வளம் உண்டு, குமாஸ்தா ஐயா. நாடகக் கொட்டகையின் மேல்தட்டில் கடைசியில் நின்று கூவினாலும் மேடைக்குக் கேட்கும். நடிகன் கழுத்தைத் திருப்பி, விழியை உருட்டி, அப்படியே உறைந்து நிற்பான். அந்த நொடியில் அவன் பரம்பரைப் பெயரைக் கூவ வேண்டும். முந்தினாலும் அசடு, பிந்தினாலும் அசடு. செஞ்சிரோவுக்கு "ஹமனோயா" என்று கூவ எடோ நகரில் என்னை மிஞ்ச ஆளில்லை. என் குரல் விழுந்த பிறகுதான் அவன் மூச்சே விடுவான். ஆனால் மேல்தட்டை ஏறிட்டுப் பார்த்ததில்லை. அதில் எனக்கு வருத்தமில்லை.

வயிற்றுப்பாட்டுக்கு நான் அரசாங்க ஒற்றன். இரண்டையும் குழப்பிக்கொண்டதில்லை.

கொட்டகைகளை ஊர்க்கோடிக்குத் துரத்திய அரசு, நடிகர்கள் தெருவுக்கு வந்தால் கோரைத்தொப்பியால் முகத்தை மூட வேண்டும் என்றும் உத்தரவு போட்டது. மீறினால் சிறை, பிறகு தீவுக்கு நாடுகடத்தல். நல்ல சட்டம். நாங்கள் காசு கொடுத்துப் பார்க்கிற முகத்தை மீன்காரியெல்லாம் சும்மா பார்ப்பானேன்?

பிடித்துத் தண்டித்து மற்றவர்களுக்குப் பாடம் காட்ட, மேலிடத்துக்குப் பேர்போன நடிகன் ஒருவன் தேவைப்பட்டான். செஞ்சிரோவோ சட்டத்துக்கு அடங்கி நடந்தான். அதுதான் சங்கடம்.

அன்று தேநீர்க்கடை ஒதனே அவன் நடையை வைத்தே கண்டுகொண்டாள்.

"என்ன யசுகே, உன் சாமி கூடையக் கவுத்துக்கிட்டுப் போவுது, கும்பிடலையா?"

காவலர் இருவரைக் கூட்டிக்கொண்டு பின்னால் போனேன். பாலத்தில் ஏறியவன் ஒரு காலை முன்வைத்து நின்றான். அந்த நொடி எனக்குத் தெரியும். கூவினேன்.

தொப்பியைத் தூக்கித் திரும்பினான். விழியும் உருண்டது. பாலத்தில் நின்றவர்கள் கைதட்டினார்கள். காவலர்கள் பிடித்துக்கொண்டார்கள்.

"அண்ணே, பழக்கதோசம். கை தானா தூக்கிருச்சு. வீட்ல அவளுக்கு இது நெறமாசம். விட்ருங்க" என்றான். பிறகு என்னையே பார்த்தான். "மேல்தட்டுக் குரலு... நீங்கதானா அது?"

"நான்தான்" என்றேன்.

தீவுக்குக் கொண்டுபோகும் கப்பல் வருமுன்பே சிறைக்காய்ச்சலில் போய்விட்டான். நான் ஆரஞ்சு கொடுத்தனுப்பியிருந்தேன். அழுதேன் என்பதையும் மறைக்கவில்லை.

நான் வேண்டுமென்றே கூவி அவனைச் சட்டம் மீற வைத்தேன் என்று இப்போது அவன் மனைவி புகார் கொடுத்திருக்கிறாள். ஆசையில் வாய்தவறிக் கூவியதாகச் சொன்னால் தப்பிக்கலாம் என்கிறீர்கள். அது பொய், ஐயா. என் குரல் ஒருநாளும் தவறியதில்லை. சட்டத்துக்காகவே செய்தேன் என்று எழுதிக்கொள்ளுங்கள்.

அவன் என்னை ஏறிட்டுப் பார்த்தான் என்பதையும் விட்டுவிடாமல் எழுதுங்கள்.